மஞ்ச லைட்டும் ஒரு ஊக்கும்

மக்களே, ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இப்ப வந்தது ஒரு மஞ்ச லைட்டு புண்ணியத்துல. கார் வச்சிருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. கார் இல்லாதவங்க, எப்படியும் ஒரு நாள் வாங்கத்தான் போறீங்க, நீங்களும் படிங்க :-)

நம்ம வண்டி டேஷ்போர்டுல ஒரு நாள் ஏபிஎஸ்னு மஞ்சளா ஒண்ணு எரிஞ்சுது. பக்கத்துலயே சறுக்கிட்டுப் போற கார் படம் ஒண்ணு, அதுவும் மஞ்சள். ஒரே நேரத்துல ரெண்டு நோய் வந்துடுச்சுன்னுதான் எல்லாருமே பயப்படுவாங்க. அப்படி இல்லை. ரெண்டுக்கும் கண்ணு ஒண்ணுதான். நாலு சக்கரத்துலயும் ஆளுக்கொரு வேக சென்சார் இருக்கு. பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கப் பார்த்தா, அதோட அழுத்தத்தைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது ஏபிஎஸ். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுத்தினா, இன்ஜின் வேகத்தைக் குறைச்சு அதை அடக்குறது டிராக்ஷன் கன்ட்ரோல். நாலுல ஒரு கண்ணு அவிஞ்சாலும் கம்ப்யூட்டர் ரெண்டு வேலையையும் நிறுத்திட்டு லைட்டைப் போட்டுடும். சாதா பிரேக் எப்பவும் போல பிடிக்கும்.

சாதா பிரேக் போதாதான்னு கேக்கலாம். நமக்கு ஓசூர்ல ஜாகை, அம்மா சேலத்துல. மாசம் ஒரு தடவையாவது தொப்பூர் கணவாய்ல இறங்கணும். முன்னாடி லாரி, பின்னாடி லாரி, மழை வேற தூறினா, சக்கரம் பூட்டிக்காம இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க இறங்கினவங்களுக்குத் தெரியும். பின் சீட்டுல ரெண்டு வாண்டு வேற.

சேலத்துல வீல் பேரிங் மாத்திட்டுத் திரும்பி வர்ற வழியிலதான் லைட்டு வந்தது. ஓசூர்ல ஒரு பட்டறையில (பேரு வேணாம்) அதைச் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்"னுட்டாங்க. ஸ்கேனரைப் போட்டாங்க. இடது முன் சக்கர சென்சார் சிக்னல் இல்லைன்னு வந்தது. சென்சாரை மாத்தினாங்க, 3,200 ரூபாய். தெருமுனை தாண்டுறதுக்குள்ள லைட்டு மறுபடி ஆஜர். அப்படின்னா மாட்யூல்தான் போச்சு, 38,000 ஆகும்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். தங்கமணி சொன்ன யோசனை, "அந்த லைட்டு மேல என் ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை ஒட்டிருங்க." சிரிக்காதீங்க, பழைய வண்டி விக்கிறவங்க சில பேர் நிஜமாவே இப்படி மறைச்சு வித்துடுவாங்க. சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட்டு ஒரு தடவை எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா அந்த வண்டியை வாங்காதீங்க.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் குந்தாரப்பள்ளியில ஹைவேஸ் ஓரமா லாரி வேலை பார்க்கிற ஒரு அண்ணனைச் சொன்னார். சேலம் போற வழிதானேன்னு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டுக் குடும்பத்தோட கிளம்பினோம். அன்னிக்கு அங்க வாரச்சந்தை. ஆடு ஏத்தின டெம்போவா நிக்குது, வண்டியை ஓரங்கட்டவே கால் மணி நேரம். தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷையிலயும் பேரம்.

அண்ணன் ஸ்கேனரைத் தொடவே இல்லை. முதல் கேள்வி, "லைட்டு எப்ப சார் வருது? சாவி போட்டதுமேவா, வண்டி உருண்ட அப்புறமா?"

"உருண்ட அப்புறம்தான்ணா. ஒரு பதினஞ்சு, இருபது கிலோமீட்டர் வேகத்துல."

"அப்ப ஒயரு நல்லா இருக்குது. அறுந்திருந்தா நின்ன எடத்துலயே காட்டிக் குடுத்துரும். சக்கரம் சுத்துறது அதுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அப்புறம்தான் ஸ்கேனரை மாட்டி, வண்டியை சர்வீஸ் ரோட்டுல ஓட்டிக்கிட்டே நாலு சக்கர வேகத்தையும் பார்த்தார். மூணு இருபது காட்டுது, இடது முன் பக்கம் பூஜ்யம். "சமீபத்துல பேரிங் ஏதாவது மாத்துனீங்களா?"ன்னார். பாருங்க, இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை நாள் அலைஞ்சது!

பழைய வண்டியில எல்லாம் பல்லு வச்ச இரும்பு ரிங் இருக்கும், சென்சார் அந்தப் பல்லை எண்ணும். இப்ப வர்ற நிறைய வண்டியில பல்லே கிடையாது. பேரிங்கோட ஒரு பக்க சீல்ல வடக்கு, தெற்குன்னு மாத்தி மாத்திக் காந்தம் ஏத்தி வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கணும். ரெண்டு பக்கமும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். திருப்பிப் போட்டாலும் சக்கரம் சத்தமில்லாம சுகமா சுத்தும். சென்சாருக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது.

சென்சாரைக் கழட்டிட்டு, "அக்கா, ஒரு சின்ன ஊக்கு குடுங்க"ன்னார். ஓட்டை வழியா பேரிங் சீல்ல வச்சுப் பார்த்தார், ஒட்டலை. புதுப் பேரிங் ஒண்ணை எடுத்து, ஒரு பக்கம் வச்சார், கீழே விழுந்தது. மறுபக்கம் வச்சார், லேசா ஒட்டிக்கிச்சு. 38,000 ரூபாய் நோய்க்கு ஊக்குல பரிசோதனை! போட்டிருந்த பேரிங்கையே திருப்பிப் போட முடியாதான்னு கேட்டேன். பிரஸ்ல வச்சு வெளியே தள்ளும்போது உள்ளே குண்டு உக்கார்ற தடம் அடி வாங்கிடுமாம், புதுசுதான் போடணும்னார்.

வேலை நடக்கும்போது லாரிக் கதையும் சொன்னார். லாரியில சென்சாரை ஒரு ஸ்பிரிங் கிளிப்தான் பிடிச்சிருக்கும். பிரேக் வேலை பார்க்கும்போது கொஞ்சம் பின்னாடி நகர்ந்துடும், லைட்டு வந்துடும். கையால ரிங்கைத் தொடுற வரைக்கும் அழுத்தி விட்டாப் போதும், வீல் சுத்தும்போது அதுவே தன் இடைவெளியைப் பார்த்துக்கும்.

1978-ல பென்ஸ் எஸ் கிளாஸ்ல பாஷ் கம்பெனியோட ஏபிஎஸ் வந்தப்ப இது பணக்கார வண்டி சமாச்சாரம். நம்ம ஓசூர் டிவிஎஸ் 2011-ல அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல கொண்டு வந்துடுச்சு. 2019 ஏப்ரல்லேர்ந்து புதுக் காருக்கும், 125 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கும் கட்டாயம். லைட்டு வந்தா எல்லாருக்கும் பேரிங்தான்னு நினைச்சுடாதீங்க. சென்சார்ல சேறு, துருப்பிடிச்ச ரிங், ஒரு டயர் மட்டும் வேற சைஸ், பேட்டரி வீக், பிரேக் லைட்டு சுவிட்சுன்னு நிறைய இருக்கு. ஆனா மஞ்சளோட சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா ஓட்டாதீங்க, ஓரங்கட்டுங்க. பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கலாம், முன்-பின் சக்கரத்துக்கு பிரேக்கைப் பிரிச்சுக் கொடுக்கிற வேலையும் நின்னிருக்கலாம்.

மாட்டி முடிச்சு, ஆள் இல்லாத மண் ஓரமாப் பார்த்து நாற்பதுல ஒரு அழுத்து. காலுக்குக் கீழே பெடல் கடகடன்னு துடிச்சுது. அன்னிக்கு சாயங்காலம் தொப்பூர்ல நல்ல மழை. வாண்டுங்க ரெண்டும் தூங்கிட்டே வந்துதுங்க.

பேரிங் 1,900, கூலி 900. ஊக்கைத் திருப்பி வாங்கலைன்னு தங்கமணி இன்னும் சொல்லிட்டிருக்காங்க.

வர்ட்டா!