பிசைந்த கை

பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைக் கடந்து, செகண்ட் லைன் பீச் பக்கம் திரும்பினால் போதும். மாலை ஐந்து மணிக்கு மேல் பொரித்த பூண்டின் வாசனையே வழிகாட்டிவிடும். தள்ளுவண்டிகளில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குன்று குன்றாகக் குவிந்திருக்கும். பக்கத்தில் மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், ஒரு டப்பா நிறையத் தட்டை. கீழே அண்டாவில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும்.

கல்லூரிக் காலத்திலிருந்து இருபது வருடமாக அங்கே அத்தோ சாப்பிடுகிறேன். வாங்குகிறவர்கள் "அதோ அது" என்று கைகாட்டிக் கேட்டதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று யாரோ சொன்னதை நம்பி, நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருடம் ஒரு மழைநாளில் கூட்டமே இல்லை. வழக்கமாகச் சாப்பிடும் வண்டிக்காரத் தம்பியிடம் பேச்சுக்கொடுத்தேன். "அதோவும் இல்ல, இதோவும் இல்ல சார். அது பர்மா வார்த்தை. எங்க தாத்தா அப்படித்தான் சொல்லுவாரு. அர்த்தம் எனக்குத் தெரியாது" என்றார்.

மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிற சொல். அதன் பொருள் மட்டும் நடுவழியில் எங்கோ விழுந்துவிட்டது. அன்றைக்கு என்னால் அதை அப்படியே விட்டுவிட்டு வர முடியவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். "வியாசர்பாடியில எங்க பெரியப்பா இருக்காரு. பர்மா ஸ்கூல்ல படிச்சவரு. அவரைக் கேளுங்க" என்று வழி சொன்னார்.

வியாசர்பாடிக்குப் போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் நம்மவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், அரிசி ஆலைகளில் உழைத்தார்கள், வயலில் நடவு நட்டார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டபோது லட்சக்கணக்கானவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள்; வழியில் செத்தவர்கள் ஏராளம். போர் முடிந்ததும் பலர் திரும்பவும் அங்கேயே போனார்கள். 1962 மார்ச்சில் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதன்பிறகு வந்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிட்டத்தட்ட வெறுங்கையோடு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அதற்கு நேர் எதிரே, ராஜாஜி சாலை ஓரத்தில், 1969-இல் பர்மா பஜார் உருவானது. அத்தோ வண்டிகள் நிற்கிற இடத்திலிருந்து துறைமுகச் சுவர் கூப்பிடு தூரம். இத்தனை வருடம் அந்தப் பக்கம் போய்வந்தும் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

பெரியப்பாவுக்கு எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் பேனாவை எடுத்து, தாளின் வெள்ளை ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சில எழுத்துகள் எழுதினார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கை தயங்கவில்லை.

"இதைச் சொன்னா அதோக் மாதிரி வரும். ஆனா கடைசி ஒலியை முழுங்கிடணும். தொண்டையில டக்குனு நிறுத்தணும்." சொல்லிக் காட்டினார். 'அத்தோ' என்று வந்து, முடியாமலேயே அறுந்து நின்றது. நம் ஆட்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எடுத்துவந்திருக்கிறார்கள். "தோக் அப்டின்னா பிசையறது, கலக்கறது தம்பி. கையால பிசைஞ்ச எல்லாமே அங்க அத்தோதான். நூடுல்ஸைப் பிசைஞ்சா காவ்ஸ்வே தோக். தேயிலையை ஊறப்போட்டுப் பிசைஞ்சா லப்பே தோக். நம்ம சமோசாவைக்கூட உதிர்த்து, கோஸும் வெங்காயமும் போட்டுப் பிசைஞ்சு, சமூசா தோக்னு விப்பான்."

அப்படியானால் நாம் பண்டத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒரு கைவேலையின் பெயர். சென்னையில் அத்தோ என்றால் நூடுல்ஸ். பர்மாவில் அத்தோ என்றால் பிசைந்தது, அவ்வளவுதான். எதைப் பிசைந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறியவர். "அங்க வண்டியில விக்கறானே, அது பாதி அத்தோதான்" என்றார். மீதிப் பாதி எது என்று கேட்டேன். "வெறும் வாயால சொல்ல முடியுமா? உக்காரு தம்பி" என்று என்னை அடுப்படிக்கே கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த அரைமணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் எண்ணெயில் பூண்டைப் பொரித்து, எண்ணெயையும் பூண்டையும் தனித்தனியாக வைத்தார். பிறகு கடலை மாவை வெறும் சட்டியில் போட்டு, கைவிடாமல், மணம் மாறும்வரை வறுத்தார். கடைசியாகச் சென்னாகூனியை வறுத்து அம்மியில் வைத்து ஒரே இழுப்பில் பொடித்தார். வாயகன்ற பாத்திரத்தில் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், வறுத்த மாவு, கூனிப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, புளிக்கரைசல், பூண்டெண்ணெய். பிறகு கை. விரல்களை விரித்து அடியில் விட்டு, தூக்கி, உதறி, திரும்ப அடியில் விட்டு. நசுக்கவே இல்லை. சோறு பிசைகிற பிசைதல் இல்லை இது. தலைமுடிக்குச் சிக்கெடுக்கிற மாதிரி. மாவு புளியை உறிஞ்சி ஒவ்வொரு இழையிலும் பூசிக்கொண்டது. வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, அப்புறம் பூண்டு, கடைசியில், விழுங்கின பிறகு, கடல்.

அந்தக் கடல்தான் வண்டியில் காணாமல்போன பாதி. "அங்க ஙாப்பி இல்லாம ஒண்ணும் கிடையாது" என்றார் பெரியம்மா. ஙா என்றால் மீன், பி என்றால் அழுத்தியது. புளிக்கவைத்த மீன் விழுது. "இங்க வந்த புதுசுல முகாம்ல அதைச் செஞ்சா பக்கத்துல இருக்கறவங்க சண்டைக்கு வந்துடுவாங்க. விட்டுட்டோம். கூனியை மட்டும் வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டோம்." தெருவுக்கு வந்தபோது அந்த வாசனையும் போய், மொறுமொறுப்புக்கு நம் தட்டை வந்து சேர்ந்திருக்கிறது.

தட்டை எதற்குப் பதிலாக வந்தது என்று கேட்டதில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. வண்டிகளில் 'பேஜோ' என்று ஒன்று விற்கிறார்கள். மொறுமொறுவென்ற துண்டுகளைச் சூப்பில் போட்டு, மேலே பொரித்த வெங்காயம் தூவித் தருவார்கள். அதையும் நான் ஏதோ சூப்பின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். "பெ-ன்னா பயறு, ஜோ-ன்னா பொரிச்சது" என்றார் பெரியப்பா. பயறு போட்டுப் பொரித்த வில்லை. பர்மாவில் அதை உடைத்து மொய்ங்காவில் போடுவார்கள். மொய்ங்கா என்பது அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றுகிற மீன் குழம்பு: கெளுத்தி மீன், எலுமிச்சைப்புல், கடலை மாவு, இளம் வாழைத்தண்டு. அங்கே விடிகாலைச் சாப்பாடு அது. அந்தக் குழம்பில் மீனை எடுத்துவிட்டுப் பாருங்கள். செகண்ட் லைன் பீச்சில் அத்தோவோடு ஒரு கிண்ணம் ஊற்றித் தருகிறார்களே, அந்த வாழைத்தண்டு சூப் வந்துவிடும். இருபது வருடமாக நான் குடித்தது மீன் இல்லாத மொய்ங்காவை.

அந்த வாரமே காரைக்குடிக்குப் போகிற வேலை வந்தது. ஒரு கல்யாண வீட்டில் இலையில் கவுனி அரிசி வைத்தார்கள். கறுப்பரிசி, சர்க்கரை, நெய், தேங்காய்த்துருவல். செட்டிநாட்டார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த அரிசி என்பது ஊரறிந்த விஷயம். எனக்கோ பெரியப்பாவின் வட்ட எழுத்துகள் நினைவுக்கு வந்துவிட்டன. கை நனைக்கப் போகுமுன் போன் போட்டுக் கேட்டேன்: பர்மாவில் ஒட்டுகிற அரிசிக்கு என்ன பெயர்? "காவ்ஹ்னீன்" என்றார். அந்தக் 'காவ்'வும் மெல்லிய 'னீ'யும் நம் நாக்கில் கவுனியாக மாறியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். அங்கேயும் தேங்காயோடுதான் சாப்பிடுவார்களாம், எள்ளுப்பொடி தூவி. தேக்கும் அரிசியுமாக ஒரு கூட்டம் முன்னாலேயே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது; அந்த அரிசிக்குக் கல்யாணப் பந்தியில் இடம் கிடைத்துவிட்டது. 1964-க்குப் பிறகு வந்த கூட்டம் கொண்டுவர முடிந்தது கைப்பழக்கத்தை மட்டும்தான். அதற்குப் பிளாட்பாரம் கிடைத்தது. செட்டிநாட்டுச் சமையலைப் பற்றி எத்தனை புத்தகம் எழுதினாலும் தகும். ஆனால் அதில் கால்வாசியாவது இந்தப் பிளாட்பாரத்துக்கும் எழுதப்பட வேண்டும் என்று எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

மறுபடி வியாசர்பாடிக்குப் போனபோது பெரியம்மா ஒரு சின்ன பொட்டலம் கொடுத்தார். கூனிப்பொடி. "நம்ம பையன் கடையில கொடு. தூவித் தரச் சொல்லி ஒரு தடவை சாப்பிட்டுப் பாரு."

அன்று மாலையே செகண்ட் லைன் பீச்சுக்குப் போனேன். தம்பி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பேசின்ல வாசம் ஏறிடும் சார். சைவமா கேக்கறவங்க வருவாங்க." கொஞ்சம் யோசித்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். தனியாக ஒரு தட்டை எடுத்து, எனக்கு மட்டும் நூடுல்ஸ் போட்டு, பொடியைத் தூவி, விரல்களை விரித்து அடியில் விட்டுத் தூக்கி உதறினார். பெரியம்மாவின் அதே கை.

தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த நாலு இழையை வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆள் வந்து "ஒரு அத்தோ" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கா சார் அந்தப் பொடி?" என்றார்.