வினிகர் போதவில்லை

இங்கிலாந்தில் முதியோர் இல்லத்துக்காரர்கள் ‘அவுட்டிங்’ போகிறார்கள் என்றால் பெரும்பாலும் செடி விற்கும் கடைக்குத்தான். கார்டன் சென்டர் என்பார்கள். என் அக்கா மகள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுசு முழுக்க உழைத்து ஓய்ந்தவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரோஜாச் செடியையும் உர மூட்டையையும் காட்டுவதா உல்லாசப் பயணம்? அவள் சிரிக்கவில்லை. தரை மேடு பள்ளமில்லாமல் இருக்கும், மழை வந்தால் மேலே கூரை, உள்ளேயே காபிக் கடை, அதற்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குக் கழிப்பறை. “எங்க ரூட்டைப் போடுறது டிரைவர் இல்ல மாமா, கழிப்பறைதான்” என்றாள்.

அவள் வேலை பார்ப்பது கிழக்கு லண்டன் பக்கம் ஓர் இல்லத்தில். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் பிரிட்டன் விசாக் கதவைத் திறந்தபோது நைஜீரியா, ஜிம்பாப்வே, கேரளம் என்று பல திக்கிலிருந்தும் கிளம்பியவர்களோடு மதுரையிலிருந்து இவளும் கிளம்பினாள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது என்று ஆரம்பித்து, இப்போது பொழுதுபோக்குப் பொறுப்பு இவள் கையில். பிங்கோ, உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, பாட்டு, வெளியே கூட்டிப் போவது எல்லாம். “ஊர்ல தன் அம்மாவை விட்டுட்டு இங்க வந்து அடுத்தவங்க அம்மாவைப் பார்க்கிறாளேன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. எல்லாரும் சொல்லியாச்சு” என்று நான் வாயைத் திறக்கும் முன்பே நிறுத்திவிட்டாள். நியாயம்தான். அதை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை.

எங்கே போவது என்பதை அந்த இல்லத்தில் கூட்டம் போட்டுக் கையைத் தூக்கித் தீர்மானிக்கிறார்கள். அந்த முறை கார்டன் சென்டரைச் சவுத்தெண்ட் கடற்கரை தோற்கடித்திருந்தது. நான் லண்டனில் அவள் வீட்டு விருந்தாளி. கூட வரலாமா என்று கேட்டேன். மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நிபந்தனைகளோடு வந்தாள். “கூட நடக்கலாம், பேசலாம். நாற்காலியைத் தள்ளக் கூடாது. யாருக்கும் எதையும் ஊட்டக் கூடாது. அந்த முறுக்குப் பொட்டலத்தைப் பையை விட்டு எடுக்கவே கூடாது.”

வண்டியில் ஏறும்போது எனக்குள் இருந்த படம் நம்மில் பலருக்குள்ளும் இருப்பதுதான்: பெற்றவர்களை இல்லத்தில் தள்ளிவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிற தேசம். அக்கா மகள் எண்பத்தேழு வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்தப் படத்துக்கு இன்னும் ஒரு கோட் வண்ணம் பூசியது. ‘ஐயா’, ‘தாத்தா’ என்று எதுவும் கிடையாது. அவரும் அவளை ‘டார்லிங்’ என்கிறார். மதுரையில் நடந்திருந்தால் பஞ்சாயத்து.

என் பக்கத்து இருக்கையில் நகத்துக்குச் சிவப்புப் பூச்சு போட்ட ஓர் அம்மாள். நீ டாக்டரா என்று கேட்டார். இல்லை, சும்மா வந்தவன் என்றேன். “நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டுப் புகார்ப் பட்டியலைத் திறந்தார். வாராவாரம் இல்லத்துக்கு ஒரு பாடகர் வருகிறாராம். வந்ததும் வேரா லின் பாட்டுகளைத்தான் எடுக்கிறாராம். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்காகப் பாடிப் பேர் வாங்கியவர் வேரா லின். பிறந்தது 1917-ல், ஈஸ்ட் ஹாமில். ஆம், இன்று நம் ஆட்களின் நகைக்கடையும் தோசைக் கடையும் வரிசை கட்டி நிற்கும் அதே ஈஸ்ட் ஹாம்தான். “அது என் அம்மா கேட்ட பாட்டு. நான் பிறந்தது 1943-ல். போர் முடிஞ்சப்ப எனக்கு ரெண்டு வயசு. எனக்கு எல்விஸைப் போடு. நரை விழுந்த தலையெல்லாம் ஒரே தலைன்னு நினைச்சுக்கிறாங்க.”

இதைக் கேட்டதும் நம்மூர் இல்லங்களின் கூடங்கள் ஞாபகத்துக்கு வந்தன. எழுபத்தைந்தைத் தாண்டினால் பஜனை என்பது நம் தீர்மானம். எம்.ஜி.ஆர். படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு முண்டியடித்த தலைமுறைக்குத்தான் இப்போது எண்பது வயது ஆகிறது. அவர்களைச் சுற்றி உட்காரவைத்து சகஸ்ரநாமம் போடுகிறோம்.

சவுத்தெண்டில் இறங்கினால் கடலைக் காணோம். தூத்துக்குடிக் கடலையும் ராமேஸ்வரத்துக் கடலையும் பார்த்தவன் நான். நம் கடல் கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் வெளியே வரும், இருக்கிற இடத்திலேயே இருக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. “அது வேலைக்குப் போயிருக்கு, சாயந்திரம் வரும்” என்றார் சிவப்பு நகத்து அம்மாள். தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரம் இது. நீர் வடியும்போது ஒரு மைல் தூரத்துக்குப் பின்வாங்கிவிடும். அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து படகில் வந்தவர்கள் கரையேற வழியில்லாமல் தவித்ததால்தான் சேற்றுக்கு மேலே ஒரு பாலத்தைக் கட்டிக் கடலைத் தேடிப் போனார்கள். 1830-ல் மரத்தில் தொடங்கியது, 1889-ல் இரும்புக்கு மாறி, இன்று 2 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. உல்லாசத்துக்கென்று கட்டிய கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது இதுதான். மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1856-ல் லண்டனிலிருந்து ரயில் வந்தபிறகு கிழக்கு லண்டன் தொழிலாளிக் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் சவுத்தெண்ட். எங்கள் வண்டியில் வந்த ஏழு பேரும் சின்ன வயதில் இங்கே வந்து, இதே சேற்றில் கால் புதைத்தவர்கள். நான் ஒருவன்தான் கடல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பகல் சாப்பாட்டில்தான் சண்டை வந்தது.

ஏழு பேரில் ஒருவர் பழைய துறைமுகத் தொழிலாளி. லண்டன் ராயல் டாக்ஸில் உறைந்த இறைச்சி இறக்கியவர். 1981-ல் அந்தத் துறைமுகம் மூடும்வரை அங்கேதான். தோள்கள் இன்னும் அகலமாக இருந்தன, கை மட்டும் நடுங்கியது. கடைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தியதும் மெனுவைப் பார்க்காமலே சொன்னார்: “காட் மீன், சிப்ஸ். உப்பு, வினிகர். நறுக்காம அப்படியே.”

அன்று கூட வந்திருந்த ஜிம்பாப்வேப் பெண் பணியாளர் ஏஜென்சி மூலம் அந்த ஒரு ஷிஃப்டுக்கு வந்தவர். அவர் கையில் இருந்த தாளில் இந்த மனிதருக்கு ‘லெவல் 6’ என்று போட்டிருந்தது. பக்கவாதம் வந்தபிறகு விழுங்குவதில் சிரமம். விழுங்குவதில் கோளாறு உள்ளவர்களுக்கு 0 முதல் 7 வரை உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆறாம் படி என்றால் துண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மெத்தென்று இருக்க வேண்டும். மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்கும் விதத்தை அந்தப் பெண் எனக்குச் செய்தே காட்டினார். முள்கரண்டியைத் துண்டின் மேல் வைத்து, கட்டை விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். துண்டு நசுங்கி அப்படியே கிடந்தால் சரி. எழும்பினால் கூடாது. மாவில் முக்கி மொறுமொறுவென்று பொரித்த மீன் தோல் இந்தப் பரீட்சையில் தேறவே தேறாது. “மசித்த உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று கேளுங்கள்” என்றார் அவர்.

அக்கா மகள் மறுத்தாள். இவருக்குத் தனியாக ஒரு தாள் உண்டு, அதை நீங்கள் பார்க்கவில்லை என்றாள். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் போடும் சண்டை எவ்வளவு காட்டமாக இருக்கும் என்று தெரியும்தானே. மூச்சுக்குழாயில் போனால் யார் பதில் சொல்வது, வேலை போனால் விசா போகும் என்று ஒருவர். அவர் வாய், அவர் வயிறு என்று இன்னொருவர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் இங்கதான் இருக்கேன். காதும் கேக்குது.”

அந்தத் தாள் பையிலிருந்து வெளியே வந்தது. விழுங்கும் சிரமத்தைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சி நிபுணர், இல்லத்து நர்ஸ், இவர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன ஆபத்து என்பது அவருக்கு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார், அப்படியும் சில நேரம் பிடித்ததைச் சாப்பிட விரும்புகிறார் என்று எழுதியிருந்தது. இதற்கு அடியில் ஒரு சட்டம் இருப்பதை அன்றிரவு தேடிப் படித்தேன். 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். அதன் முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறார்கள்: ஒருவர் புத்திசாலித்தனமில்லாத முடிவை எடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது. ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து கிழவர்களின் பிடிவாதத்துக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. நம்மூரில் இதை வாசித்துக் காட்டினால் அத்தனை மருமகள்களும் மகன்களும் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

ஜிம்பாப்வேப் பெண் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு வாதாடவில்லை. நாற்காலியை நிமிர்த்தி, அவர் முதுகை நேராக்கி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பேரம் நடந்தது. சிப்ஸ் உண்டு, மீனும் உண்டு, ஆனால் தேநீரில் மாவு கலந்துதான் குடிக்க வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு பொடியைப் போட்டுக் கலக்கினார். கண்ணெதிரே தேநீர் கேழ்வரகுக் கூழாக இறுகியது. நீர்த்த பானம்தான் தொண்டையில் தடம் மாறி ஓடுமாம். துறைமுகக்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், கையெழுத்துப் போட்டவர் மாதிரித் தலையசைத்தார்.

முதல் சிப்ஸ் உள்ளே போனது. மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். மூன்றாவதில் இருமல். கடைக்காரர் உட்பட எல்லோரும் உறைந்துபோனோம். அந்தப் பெண் மட்டும் பதறவில்லை. கையை உயர்த்திக் காத்திருந்தார். இருமல் நின்றது. துறைமுகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்: “வினிகர் போதல.”

வினிகர் வாங்கி வரும் வேலை எனக்குக் கிடைத்தது. அது நிபந்தனைகளில் இல்லை. திரும்பி வந்ததும் உங்கள் ஊரில் வயசானவர்களை என்ன செய்வீர்கள் என்று துறைமுகக்காரர் கேட்டார். வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொள்வோம் என்றேன், குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். விருதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறார், தனி அறை, வேளாவேளைக்கு மாத்திரை, ஏசி. “அவர் மீன் சாப்பிடுவாரா?” சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் ஓட்ஸ் கஞ்சி என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டு இன்னொரு சிப்ஸை எடுத்தார்.

அதற்குப் பிறகு மனசு கொஞ்சம் கலைந்துதான் போனது. பெரியப்பா பேத்தியின் கல்யாணம் மதுரையில் நடந்தது. விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பாதை. அவரைக் கூட்டிப் போகவில்லை. ‘உங்களுக்கு எதுக்கு அலைச்சல்’ என்று அன்பாகச் சொல்லி, போனில் வீடியோ போட்டுக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். அவர் வாசலைத் தாண்டி நாலு வருஷம் இருக்கும். நம் வீடுகளில் யாரும் யாரையும் தள்ளிவிடுவதில்லை. பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

இதற்காக அந்த இல்லத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் இடத்திலிருந்து ஏழு பேர்தான் வந்தார்கள். ஒரு நாற்காலிக்கு ஓர் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கூட்டிப் போக எளிதாக இருப்பவர்களே திரும்பத் திரும்பப் போகிறார்கள். ஞாபக மறதி முற்றியவர்களும், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் இல்லத்தோடு சரி. அக்கா மகளே இதைத்தான் குறையாகச் சொல்கிறாள். சாயந்திரம் வண்டியில் ஏறும்போது கடல் நிஜமாகவே வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு நகத்து அம்மாள் ஐஸ்கிரீம் விலை ஏறிப்போனதைப் பற்றி ஓட்டுநரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். துறைமுகக்காரர் வாயைத் திறந்து தூங்கிவிட்டார்.

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்களின் வரவேற்பறையில் ஒரு பலகை தொங்கும். காலை டிபனுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு. பிறந்தநாளுக்கும் திதிக்கும் நாம் பணம் கட்டுகிறோம், குடும்பத்தோடு போய்ப் பரிமாறுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், திரும்பிவிடுகிறோம். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் பல பாயசம் கிடைக்கும். ஒரு தடவைகூட வெளியே போகக் கிடைக்காது. நானும் அப்படிப் பாயசம் பரிமாறியவன்தான்.

அடுத்த பிறந்தநாளுக்கு அந்தச் சாப்பாட்டுப் பணத்தில் ஒரு வேன் பிடியுங்கள். இல்லத்து நர்ஸையும் கைபிடிக்க உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கோயில் என்று நீங்களாக எழுதிவைத்துவிட வேண்டாம். சினிமா என்று சொன்னால் சினிமாவுக்கு டிக்கெட் எடுங்கள்.