ஆன்டிகுவாவில் வார்னை உட்கார வைத்தது

1999 ஆன்டிகுவா டெஸ்டில் ஷேன் வார்னை நீக்கியதற்காக ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வாவை இன்றும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொடரின் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய வார்ன், முதல் மூன்று டெஸ்டுகளில் எடுத்தது 2 விக்கெட். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 134 ரன். எதிரே ஜமைக்காவில் 213, பார்படாஸில் ஆட்டமிழக்காமல் 153 என்று மேற்கிந்தியத் தீவுகளின் லாரா நொறுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியா 1-2 என்று பின்தங்கியிருந்தது. துணைக் கேப்டன் என்பதற்காக ஓர் இடத்தைத் தாரை வார்க்க முடியுமா? வார்ன் இல்லாமலே ஜெயித்தார்கள். தொடர் 2-2, கோப்பை கைவிட்டுப் போகவில்லை.

“அடுத்த இரண்டு மாதத்தில் உலகக்கோப்பை அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஆட்டநாயகன் அவர்தானே?” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏப்ரலில் அணியைத் தேர்ந்தெடுப்பவன் ஜூன் ஸ்கோர்கார்டைப் பார்த்தா முடிவெடுப்பான்? வார்ன் மீது வாவுக்குப் பொறாமை என்ற வாதமும் எடுபடாது. பொறாமைக்காரனுக்கு அந்த 134 தேவைப்பட்டிருக்காது. தன்னைக் கைவிட்டதற்காக வாவை வார்ன் கடைசிவரை மன்னிக்கவில்லை. தான் சேர்ந்து ஆடியவர்களிலேயே பெரிய சுயநலக்காரர் வாதான் என்றார். ஆனால் அந்த அளவுகோல் வாவையும் விடவில்லை: 2002இல் தேர்வாளர்கள் அவரையும் ஒருநாள் அணியிலிருந்து தூக்கினார்கள், அப்போது அவர் கேப்டன்.