மூன்று பம்ப் மாற்றியும் நிற்காத தண்ணீர்

கொஞ்சம் நீளமான பதிவு. படகு வைத்திருப்பவர்களும், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிற பக்கம் இருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

கல்வியியல் கல்லூரியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் இருவரும் இப்போது கொழும்பில்தான் படிப்பிக்கிறோம். ஒருவர் கொட்டாஞ்சேனை, மற்றவர் வெள்ளவத்தை. இருவருக்கும் பாடம் விஞ்ஞானம். ஊரில் பலருக்கு விஞ்ஞான சேரும் வயரிங் பாஸும் ஒன்றுதான். மோட்டர் ஓடாவிட்டால் முதல் கோல் எங்களுக்கு வரும்.

போன மாதம் கூப்பிட்டவர் முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகு வைத்திருக்கும் ஒரு நானா. 2022இல் டீசல் இல்லாமல் படகைக் கட்டிப் போட்டிருந்த காலத்துக் கடன் அவருக்கு இன்னும் முடியவில்லை. ஐஸ், டீசல், சாமான் எல்லாம் ஏற்றி, விடிந்தால் கடலுக்குப் போக வேண்டிய படகு அது. காலையில் போய்ப் பார்த்தால் என்ஜின் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். பெட்டரி செத்துக் கிடந்தது.

“சேர், இது மூணாவது பம்ப். ஒவ்வொரு முறையும் பெரிசா வாங்கித்தான் போட்டேன். இதுவும் போனா என்ன செய்ற?” என்றார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அதுவும் காசுதான். ஆனால் எங்களுக்குப் பயம் வேறு. கரையில் கட்டியிருந்ததால் இது வெறும் நட்டம். இதே வேலை நடுக்கடலில், என்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து பேரும் படுத்திருக்கும் இரவில் நடந்தால்? பெட்டரி செத்தால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது, லைட் இல்லை, ரேடியோவும் இல்லை.

முதலில் பம்பைக் கழற்றி வாளித் தண்ணீரில் போட்டு, நல்ல பெட்டரியில் ஓட்டினோம். அருமையாக இறைத்தது. வடியில் தங்கூசி நூலோ செதிலோ சிக்கியிருக்கவில்லை. மிதவை ஆளியைக் கையால் தூக்கினால் ஓடியது, விட்டால் நின்றது. ஃபியூஸ் சரி, வயர் மூட்டில் பச்சைக் களிம்பும் இல்லை. பம்பில் குறையே இல்லை!

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம். உப்பு. மழையும் இல்லை, ஐஸும் இல்லை, கடல்தான். சுழலியின் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அது எல்லாப் படகிலும் உள்ளதுதான், ஒரு இரவில் முழங்கால் அளவு ஏறாது.

வழியைக் காட்டியவர் படகில் சமைக்கும் தம்பி. “சேர், சும்மா நிக்கிற நேரம் இப்படி வாறல்ல. ஐஸ் ஏத்தினாத்தான் வாற” என்றார். மூன்று பம்ப் விற்றவர்களில் ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தோம். பம்பின் தண்ணீர் வெளியே விழும் துவாரம் படகின் பக்கத்தில் தாழ்வாக இருந்தது. வெறும் படகில் அது நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். தொன் கணக்கில் ஐஸும் டீசலும் ஏறியதும் படகு தாழ்ந்து, துவாரம் ஒரு அடி தண்ணீருக்குள் போய்விட்டது. பம்ப் ஓடும்வரை தண்ணீர் வெளியே போகும். நின்றதும் ஹோஸ் நிறைய தண்ணீர் இருப்பதால், வகுப்பில் இரண்டு போத்தலும் ஒரு குழாயும் வைத்துக் காட்டும் அதே சைபன். கடல் மேலே, பம்ப் கீழே, நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. இந்த மாதிரிப் பம்ப் நின்றால் அதனூடாகத் தண்ணீர் பின்பக்கமாகவும் ஓடும்.

நிச்சயப்படுத்த பம்பை மாட்டி, ஓட்டி, நிறுத்தினோம். வடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலைத் தூளைப் போட்டோம். தூள் வடியை விட்டு விலகி ஓடியது. உள்ளே வருகிறது!

இரவு முழுக்க நடந்தது இதுதான். தண்ணீர் வந்தது, மிதவை எழும்பியது, பம்ப் இறைத்து நின்றது, திரும்பவும் வந்தது. பெட்டரி தீரும்வரை இதே கதை. பெரிய பம்ப் போட்டதால் பெட்டரி இன்னும் கெதியாகத் தீர்ந்திருக்கும். நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே ஒரு அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு சுமார் 40 லீற்றர் வரும். மணித்தியாலத்துக்கு 2 தொன்னுக்கு மேல். ஹோஸும் பம்பும் தடுப்பதால் இதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடலில் என்ஜின் ஓடும்போது பெட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருப்பதால் இத்தனை நாளும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

துவாரத்தை விளிம்புக்குக் கீழே உயர்த்திப் போட்டார்கள். பழையதை ஃபைபர் வைத்து அடைத்தார்கள். ஹோஸை மேலே வளைத்துக் கட்டி, வளைவின் உச்சியில் சைபன் உடைய ஒரு சின்னக் காற்றுத் துளை. ஒருவழி வால்வு போதாதா என்று நானா கேட்டார். அதில் ஒரு செதில் சிக்கினால் மூடாது, அதை நம்பிப் படுக்க முடியாது என்றோம். அடுத்த இரவு ஏற்றின படகிலேயே இருந்து பார்த்தோம். சுபஹு வரை பம்ப் இரண்டே தரம்தான் ஓடியது.

இனி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் உள்ளவர்களுக்கு. 2016 மே வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்கும்போது ஹோஸின் நுனியை வெளித் தண்ணீருக்குள் போட்டு வைக்காதீர்கள். கரண்ட் போய் பம்ப் நின்றால், வெளியே மட்டம் உயரமாக இருக்கும் வரை அதே ஹோஸ் வழியாக உள்ளே வரும். நுனியை மதிலில் உயர்த்திக் கட்டுங்கள், தண்ணீர் மேலிருந்து விழட்டும். வயர் மூட்டு எதுவும் தண்ணீரில் கிடக்கக் கூடாது. பம்பைத் தொடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை ஓஃப் பண்ணுங்கள்.