பாசிமணிக்கும் செய்கூலி உண்டு

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களின் வாசலிலும் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியிலும் தோளில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்கப்படும் மணிமாலைகள் பல, நரிக்குறவர் கைகளில் உருவாகின்றவை. ஊருக்கு மேற்கே, திருக்கழுக்குன்றம் சாலையை ஒட்டிய பூஞ்சேரியில் அவர்களது குடியிருப்பு இருக்கிறது. இந்த வேலைக்குத் தனிப் பட்டறை கிடையாது. வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் துணி விரித்த நடைபாதையிலும் மாலை உருவாகிறது. வாடிக்கையாளர் வராத நேரமெல்லாம் வேலை நேரம்தான்.

மணிகள் வெளியூர்ச் சரக்கு. கண்ணாடி மணிகளில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத், புர்தில்நகர் சூளைகளிலிருந்து வருகிறது. ருத்ராட்சம் நேபாளத்திலும் இந்தோனேசியாவிலும் விளைவது. இவற்றைச் சென்னைப் பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகளில் எடை போட்டு வாங்கிவருகிறார்கள். பவளம், படிகம், கருங்காலி, துளசி, சோழி, கடல் சிப்பி என்று வகைகள் நீளும். வெளிநாட்டுப் பயணிகள் விரும்பிக் கேட்பது கருநரம்பு ஓடிய நீலப்பச்சைக் கல். டர்க்காய்ஸ் என்று உலகச் சந்தையில் மலிவாக விற்கப்படும் இந்தக் கல் பல சமயம் சாயம் ஏற்றிய ஹவ்லைட் என்னும் வெள்ளைக் கல். மோஸ் அளவுகோலில் உண்மையான டர்க்காய்ஸின் கடினத்தன்மை 5 முதல் 6; ஹவ்லைட்டுக்கு 3.5 தான். கத்தி முனையால் மெல்லக் கீறினால் ஹவ்லைட்டில் கோடு விழும், உள்ளே வெள்ளை தெரியும். படிகத்துக்கும் இதுபோல ஒரு சோதனை உண்டு. அசல் படிகம் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி மணியை வெளிச்சத்தில் பிடித்தால் சில சமயம் உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழி தெரியும்.

வேலை இரண்டு வகை. ஒன்று கோப்பு. காற்பெருவிரலில் நைலான் நரம்பின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் மணிகளை ஏற்றுவது. இதைச் சிறுவர்களும் செய்துவிடுவார்கள். மற்றொன்று கம்பிக்கட்டு. கைவினையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கம்பிக்கட்டுக்கு வேண்டிய கருவி ஒரு கூர்மூக்குக் குறடும் ஒரு வெட்டுக் குறடும் மட்டுமே. செம்பு, பித்தளை அல்லது வெள்ளி முலாம் பூசிய கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்கிறார்கள். ஒரு முனையைக் குறட்டின் மூக்கில் சுற்றி வளையமாக்கி, வால் பகுதியைக் கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நெரிக்கிறார்கள். மணியை ஏற்றுகிறார்கள். மறுமுனையில் அடுத்த வளையம். அதை மூடுவதற்கு முன், ஏற்கெனவே கட்டி முடித்த மணியின் வளையத்துக்குள் நுழைத்துவிட வேண்டும். மறந்தால் கட்டியதைப் பிரிக்க வேண்டும், பிரித்த கம்பி மறுபடி உதவாது. 108 மணி கொண்ட ஒரு ருத்ராட்ச மாலைக்கு 216 வளையங்கள். ஒவ்வொன்றும் ஒரே அளவில் அமைந்தால்தான் மாலை கழுத்தில் முறுக்காமல் நேராகத் தொங்கும். பூஞ்சேரி வாசல் ஒன்றில் கம்பி கட்டிக்கொண்டிருந்த வயதான பெண், பேசிக்கொண்டும் பேரக்குழந்தையை அதட்டிக்கொண்டும் கையைக் குனிந்து பார்க்காமலே வளையம் போட்டார். அளவுகோல் எதுவும் இல்லை. குறட்டு மூக்கில் எந்த இடத்தில் கம்பி நிற்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது.

விற்பனை பருவத்தைப் பொறுத்தது. டிசம்பர், ஜனவரியில் நடக்கும் நாட்டிய விழாவையொட்டி வெளிநாட்டவர் வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் துளசியும் ருத்ராட்சமும் தேடுவார்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கும் மேல்மருவத்தூருக்குத் தைப்பூசத்தை ஒட்டிச் சிவப்பு உடையில் கூட்டம் திரளும். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் பெருந்திரளாகக் கூடுவார்கள். அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் நடைபாதை காற்றாடும்.

இந்தக் கடற்கரைக்கு மணி புதிதன்று. தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழாய்வு செய்தார். அங்கே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் சிறுமணிகள் செய்தார்கள். அந்த வகை மணி தென்கிழக்காசியா முழுவதும் கிடைத்திருக்கிறது. ஆனால் நரிக்குறவர் அந்தத் தொழில்மரபின் வாரிசுகள் அல்லர். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ-ஆரிய மொழி. வேட்டையும் பறவை பிடிப்பதுமே அவர்களது பழைய பிழைப்பு. குருவிக்காரர் என்ற பெயரும் அதனால் வந்தது. காடு சுருங்கியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. அதுவரை துணைத்தொழிலாக இருந்த ஊசிமணி, பாசிமணி வியாபாரமே முழுப் பிழைப்பாயிற்று. சட்டம் காட்டுயிர்களுக்குத் தேவையானதே. ஆனால் அதனால் வாழ்க்கை புரண்டுபோனவர்கள் மாற்றுத்தொழிலைத் தாங்களேதான் தேடிக்கொண்டார்கள்.

பிழைப்பைப் பறிகொடுத்த பிறகு நகைத்தொழில் ஓங்கிய கதை அமெரிக்காவின் தென்மேற்கிலும் உண்டு. நவஹோ பூர்வகுடி மக்களின் ஆட்டு மந்தைகளையும் பீச் தோப்புகளையும் 1863, 1864-இல் அமெரிக்கப் படை அழித்தது. ஆயிரக்கணக்கானோரை நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோவுக்கு நடத்தியே கொண்டுபோய் அடைத்துவைத்தது. 1868 ஒப்பந்தத்தின்படி ஊர் திரும்பியவர்களிடையே வெள்ளி வேலை பரவியது. மெக்சிகோக் கொல்லர்களிடம் தொழில் பழகிய அட்சிடி சானி என்பவரை அம்மரபின் முன்னோடியாகச் சொல்கிறார்கள். வெள்ளி நாணயங்களை அடித்து அரைக்கோளங்களாக்கி, இரண்டிரண்டாகப் பற்றவைத்து மணி செய்தார்கள். 1880 வாக்கில் டர்க்காய்ஸ் பதிக்கும் வழக்கம் வந்தது. மலர் வடிவ மணிகளும் நடுவில் பிறைவடிவப் பதக்கமும் கொண்ட நவஹோ கழுத்தணி, அணிகலனாகவும் சேமிப்பாகவும் இருந்தது. கை இறுக்கமான காலத்தில் வணிகக் கடையில் அடகு வைத்து, அறுவடைக்கோ கம்பளி விற்பனைக்கோ பிறகு மீட்பார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீட்கப்படாமல் போன பழைய நகைகளே இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போகின்றன.

ரயில் பயணிகளுக்காக ஃபிரெட் ஹார்வி கம்பெனி 1899-இல் எடை குறைந்த நவஹோ நகைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. சந்தை பெருகப் பெருகப் போலியும் பெருகியது. பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதற்கு, 1990-இன் அமெரிக்கச் சட்டம் முதல்முறைக் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. சட்டத்துக்குப் பிறகும் போலி ஒழியவில்லை. இருந்தாலும் ஒரு நவஹோ மாலையை வாங்குகிறவர் அதைச் செய்த கைக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். அடிப்பகுதியில் கைவினைஞரின் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்.

மாமல்லபுரத்திலும் ஒரு கைவினைக்கு அந்த மதிப்பு கிடைத்திருக்கிறது. 1957-இல் சிற்பப் பயிற்சிக்கூடமாகத் தொடங்கியது இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. உலகக் கைவினைக் கழகம் 2015-இல் கற்சிற்பத்துக்காக இவ்வூரைக் கைவினை நகரமாக அறிவித்தது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. உளி பிடித்தவரை ஸ்தபதி என்கிறோம், சிற்பி என்கிறோம். அதே தெருவில் குறடு பிடித்தவரை யாரும் கைவினைஞர் என்பதில்லை. தமிழ் சினிமா அவர்களைப் பெரும்பாலும் வேடிக்கைப் பாத்திரமாகவே காட்டிப் பழக்கிவிட்டது.

2021 அக்டோபரில் இங்குள்ள தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் நரிக்குறவப் பெண் ஒருவர் பந்தியில் உட்காரவிடாமல் அனுப்பப்பட்டது செய்தியாயிற்று. அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவருக்கும் இருளருக்கும் மனைப்பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசின் லோகூர் குழு 1965-இலேயே பரிந்துரைத்திருந்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 2022 டிசம்பர் ஆனது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தாமதம்.

சட்டத்தால் செய்ய முடியாதது ஒன்று கடைத்தெருவில் மிச்சம் இருக்கிறது. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போட்டதை முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிடுகிறோம். பாசிமணி விற்கும் பெண்ணிடம் மணியின் விலையைக்கூடப் பாதியாகக் கேட்கிறோம். தாயின் வயதுள்ளவரை ‘நீ, வா, போ’ என்கிறோம். கம்பிக்கட்டு மாலையில் மணி மலிவு, கட்டுதான் உழைப்பு. அடுத்த முறை மாமல்லபுரம் போகிறவர்கள் ஒரு மாலையைக் கையில் எடுத்து, வளையங்களின் ஒழுங்கைக் கவனித்துப் பார்த்து, செய்கூலியையும் சேர்த்துக் கொடுத்து வாங்குங்கள். ‘நீங்கள்’ என்று பேசி வாங்குங்கள்.