உம்மா பார்க்காத ஜோர்தான்



வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போய் வந்த ஒருவராவது இல்லாத குடும்பம் நமது ஊர்களில் குறைவு. அவரிடம், "அந்த நாடு எப்படி இருந்தது?" என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

எனது உம்மா 1986 இல் ஜோர்தானின் தலைநகர் அம்மானுக்குப் போனார். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் வேலை. நாங்கள் மூன்று பிள்ளைகளும் படித்தது அந்தப் பணத்தில்தான். 2023 மார்ச் மாதம், அகபா நகரில் வேலை செய்யும் என் மகன் எங்கள் இருவரையும் அங்கு அழைத்தான்.

"மூத்தம்மாவுக்கு ஜோர்தான் தெரிஞ்ச நாடுதானே" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சது குசினியும் மொட்டை மாடியும்தான் மகன்" என்றார் உம்மா.

அகபாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது வாதி ரம் பாலைவனம். சுமார் 740 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பாதுகாக்கப்பட்ட பிரதேசம். 2011 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. வாசலில் பதிந்துவிட்டு, பதவி இனத்தவர் ஒருவரின் ஜீப்பில் ஏறினோம்.

பாலைவனம் என்றால் வெறும் மணல்தான் என்று நினைத்திருந்தேன். அங்கோ மணலிலிருந்து நேராக எழும்பி நிற்கின்றன மலைகள். அடியில் கரிய கருங்கல், அதன் மேல் சிவந்த மணற்கல், சில உச்சிகளில் வெண்மை. சுமார் ஐம்பது கோடி வருடங்களுக்கு முன் படிந்த மணல் இறுகிக் கல்லானதாம். அதிலுள்ள இரும்புதான் சிவப்பையும் மஞ்சளையும் கொடுக்கிறது. வெயில் சாயச் சாய நிறமும் மாறிக்கொண்டே இருந்தது.

சாரதி அரபியில் ஏதோ சொன்னார். நான் விழித்தேன். உம்மா சட்டென்று பதில் சொன்னார். அவர் ஆச்சரியத்தோடு திரும்பி, "ஹாஜ்ஜா, எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பயணத்தில் எங்களுக்கு வழிகாட்டி உம்மாதான். பட்டதாரியான எனக்கு அரபு ஓதத் தெரியும், பேசத் தெரியாது. உம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது.

ஓரிடத்தில் சாரதி அஜ்ரம் என்ற சிறு செடியைக் கசக்கித் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். சவர்க்காரம் போல நுரைத்தது. "ஒன்பது வருசம் உடுப்புக் கழுவினேன், இதை ஒருத்தரும் காட்டல்ல" என்று உம்மா கையை நீட்டி வாங்கித் தேய்த்தார்.

கஸாலி என்னும் ஒடுங்கிய பிளவின் சுவர்களில் பழங்கால மக்கள் செதுக்கிய மனித உருவங்களும், பாதச் சுவடுகளும், ஸமூதிய எழுத்துக்களும் உள்ளன. வாதி ரம் முழுவதிலும் 25,000 பாறைச் சித்திரங்களும் 20,000 கல்வெட்டுக்களும் இருக்கின்றன.

"இவ்வளவு காய்ஞ்ச இடத்தில எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன். உம்மா அரபியில் விசாரித்துச் சொன்னார்: மழை நீரை மணற்கல் உறிஞ்சிக்கொள்ளும். கருங்கல் அதைக் கீழே விடாது. இரண்டும் சேரும் இடத்தில் ஊற்றாக வெளியே வரும். சற்று நேரத்தில் அப்படியான ஊற்று ஒன்றையும் கண்டோம். சுற்றிலும் பசுமை. உம்மா அந்த நீரில் கையை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

புறப்படும்போது, அயலவருக்குக் காட்டலாமென்று சிவப்பு மணலைச் சிறு போத்தலில் அள்ளினேன். உம்மா என் கையைப் பிடித்தார்.

"கொட்டு புள்ள. நான் ஒன்பது வருசம் இரிந்த வீட்டிலயிருந்து ஒரு கரண்டி கூட எடுத்துக்கிட்டு வரல்ல."

கொட்டிவிட்டேன். அன்றிரவு அகபாவில், கட்டிலில் உம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்த ஒன்பது வருடங்களைப் பற்றி முதன்முறையாகக் கேட்டேன். சுபஹு வரை பேசினார். சிலதைச் சொல்லும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், பாலைவனம் வரை போக வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்க முப்பத்தேழு வருடம் எடுத்தது.