எட்டுக்கு நாற்பத்து மூன்று

“பட்டாளத்து வண்டிடா அது. வேகமா ஓடுறதுக்குச் செஞ்சதில்ல.”

எங்கள் ஜீப் பிக்கப்பைப் பற்றி யார் குறை சொன்னாலும் பெரியப்பாவின் பதில் இதுதான். மஹிந்திராவின் சிஜே 3பி. பின்பக்கத்தை வெட்டிப் பலகைத் தொட்டி கட்டி, போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மூட்டையும் ஆட்களும் ஏற்றிப்போன வண்டி. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூச்சு வாங்காமல் ஏறும். மதுரை ரோட்டில் விட்டால் மட்டும் எழுபதிலேயே அலறத் தொடங்கிவிடும்.

பெரியப்பாவின் பதில் சின்ன வயதிலிருந்தே எனக்கு உறுத்தல். சண்டைக்குப் போகிற வண்டிக்குத்தானே வேகம் அதிகம் வேண்டும்? குண்டு விழுகிற இடத்தைவிட்டு விலக வேண்டாமா?

வண்டி என் பொறுப்புக்கு வந்ததும் பின் ஆக்சிலை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு எண்பதில் நிதானமாகப் போய்வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. போடியில் பழைய ஜீப் என்றால் எல்லோரும் கைகாட்டுவது ஒரு மேஸ்திரியைத்தான். எழுபது வயதைத் தாண்டியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “வேணாம்.”

காரணம் கேட்டேன், சொல்லவில்லை. வேறொரு நாள் போனபோது பேசாமல் ஜாக்கியை எடுத்து வந்து ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினார். தரையில் இருந்த சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். கியரை நியூட்ரலில் போட்டார். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்னால் போகிற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். டயரில் ஒன்று, ஷாஃப்டில் ஒன்று என்று சாக்பீஸால் கோடு போட்டார்.

“சக்கரத்த ரெண்டு சுத்து சுத்து தம்பி. மெதுவா.”

சுற்றினேன். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டை எண்ணினார். ஐந்து முழுச் சுற்று முடிந்து, ஆறாவதில் கால் பங்கைத் தாண்டி, பாதியை எட்டாமல் கோடு நின்றது. மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான், ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் ஒரு சுற்று முடிக்கும். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி அதைத் திருப்பும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன். “அஞ்சே காலுக்கு மேல, அஞ்சரைக்குக் கீழ. பினியன்ல எட்டுப் பல்லு, கிரவுன்ல நாப்பத்திமூணு” என்றார். ஹவுசிங்கைத் திறக்கவே இல்லை. அந்த எண்ணிக்கைதான் மெட்டில் மூட்டையை இழுக்கிறது, அதைக் கெடுக்க நான் யார் என்பது அவர் கட்சி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38. இதுதான் ஆக்சிலின் ரேஷியோ. டாப் கியரில் கியர் பாக்ஸ் எதையும் குறைப்பதில்லை. அதனால் 6.00-16 டயரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுற்ற வேண்டும். நூறைத் தொட்டால் கிட்டத்தட்ட 4,000. இந்த ஹரிகேன் எஞ்சின் தன் முழுத் திறனான 75 குதிரைத்திறனையும் கொடுப்பதே 4,000 சுற்றில்தான். எழுபதிலேயே அது ஏன் அலறியது என்பது இப்போது விளங்கியது. எஞ்சினில் பலம் குறைவில்லை, பின்னால் இருக்கும் பற்கள்தான் அதை அப்படி ஓட வைக்கின்றன.

பிறகு நெடுநாள் ஒரு முட்டுச்சந்தில் நின்றேன். கார் ஆக்சிலைப் போட்டுவிடலாம் என்று மதுரையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் கடைக்காரர்கள் ஆசை காட்டினார்கள். ரேஷியோ குறைவு, விலையும் மலிவு. மேஸ்திரி என்னை மறுபடி வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார். கிரவுன் உட்கார்ந்திருக்கும் குண்டு, ஆக்சிலின் நடுவில் இல்லை. நன்றாக ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறது. எஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வருகிறது. காரில் குண்டு நடுவில் இருக்கும். அதைப் போட்டால் ஷாஃப்ட் கோணலாக ஓடி ஜாயிண்டைத் தின்றுவிடும் என்றார். அதோடு, பின்னால் ஒரு ரேஷியோ, முன்னால் ஒரு ரேஷியோ என்றிருந்தால் ஃபோர் வீல் போட்டதும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எதையாவது உடைக்கும். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சலிப்பில்தான் வேறு பக்கம் திரும்பினேன். ஆக்சில் கிடைக்கவில்லை என்றால் போகட்டும், நாற்பத்து மூன்று என்று தீர்மானித்தது யார்? பட்டாளம்தானா?

1944-இல் அமெரிக்கப் படைத்துறை வெளியிட்ட டி.எம். 9-803 கையேடு கிடைத்தது. போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்புக்கானது. அதில் ஆக்சில் ரேஷியோ 4.88 என்று இருந்தது. அப்படியென்றால் எட்டுக்கு முப்பத்தொன்பது பல். அதிகபட்ச வேகம் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர். பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்து வண்டி எங்கள் வண்டியைவிட வேகமானது!

நாற்பத்து மூன்று வந்தது 1945-இல், சிஜே-2ஏ-யோடு. போர் முடியும் தறுவாயில் டொலிடோ நகரத்து வில்லிஸ் கம்பெனி, ஜீப்பை விவசாயிகளிடம் விற்கத் திட்டமிட்டது. கலப்பை இழுக்க வேண்டும், பின்னால் பவர் டேக்-ஆஃப் வைத்து அறுவை எந்திரம் ஓட்ட வேண்டும், எஞ்சின் ஒரே சீராக ஓடக் கவர்னர் வேண்டும். அதற்காகத்தான் கிரவுனில் நான்கு பல் கூடியது. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரும் இரண்டுக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஏறத்தாழ இரண்டரைக்குப் போனது. அந்தப் பற்கள்தான் சிஜே 3பி வழியாக எங்கள் தோட்டம்வரை வந்திருக்கின்றன. வண்டியை மெதுவாக்கியது பீரங்கி அல்ல, ஏர்.

இன்னும் பின்னால் போனால் இன்னொரு சந்தோஷம். 1940 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில், பேன்டம் கம்பெனிக்காக முதல் ஜீப்பை வரைந்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட். மாதிரி வண்டியை ஒப்படைக்கப் படைத்துறை கொடுத்த கெடு 49 நாள். புதிதாக ஆக்சில் வடிவமைக்க நேரமே இல்லை. டொலிடோவில் இருந்த ஸ்பைசர் கம்பெனி, ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற குடும்பக் காரின் ஆக்சிலை எடுத்துத் திருத்திக் கொடுத்தது. புதுப்பேட்டைக் கடைக்காரர்கள் எனக்குச் சொன்ன அதே யோசனைதான். குண்டை ஒதுக்கி வைக்க ஒரு தொழிற்சாலை பின்னால் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு ரேஷியோ எதுவும் வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொன்பதுதான் வேண்டும். எண்பதில் சுற்று 2,900-க்கு இறங்கும். முந்நூறுதான் குறைகிறது. ஆனால் இந்த வண்டியின் மூதாதை ஓடிய எண்ணிக்கை அது. கையேட்டுப் பக்கத்தை மேஸ்திரியிடம் காட்டி வரி வரியாகச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்களை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். “முன்னாலயும் இதேதானா?” என்றார். இதேதான். “அப்ப ஜோடியாத் தேடு.”

உடைக்கப்போட்டிருந்த ஒரு டீசல் ஜீப்பில் ஜோடி கிடைத்தது. மேஸ்திரி சாக்பீஸோடு வந்து முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துச் சம்மதித்தார். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களை வெட்டி, எங்கள் சேஸிக்குத் தக்கபடி மறுபடி வெல்டிங் செய்தார். கிரவுன் பல்லில் நீலம் தடவிச் சுற்றி, பினியன் தொடும் தடம் பல்லின் நடுவில் விழும்வரை தகடு தகடாக மாற்றினார். தடம் ஓரத்தில் விழுந்தால் ஓடும்போது ஊளையிடும், கொஞ்ச நாளில் பல் தெறிக்கும். அந்த வேலைக்கு மட்டும் ஒரு பகல் முழுவதும் பிடித்தது. யாரையும் அவசரப்படுத்த விடவில்லை.

இப்போது மதுரைக்கு எண்பதில் போகிறேன், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது. பாரத்தோடு மெட்டு ஏறும்போது, முன்பு டாப்பிலேயே இழுத்த சில இடங்களில் இப்போது செகண்டுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மூன்றே கியர் என்பதால் அந்த இறக்கம் பெரிதாகத் தெரிகிறது. மேஸ்திரி முதல் நாள் “வேணாம்” என்றது இதற்காகத்தான்.

பழைய ஜோடியைக் கூலியில் கழித்துக்கொண்டு அவரே எடுத்துக்கொண்டார். குரங்கணிப் பக்கம் தோட்டத்துக்குச் சுமை ஏற்றும் ஒரு ஜீப்புக்குப் போட்டுவிட்டாராம். “அந்த வண்டி ரோட்டுக்கே வராது தம்பி. அதுக்கு நாப்பத்திமூணுதான் சரி.”